ஒதுக்கீடு

தொண்ணூறு மேசைகள்.
ராயபுரத்தில் எங்கள் கிளியரிங் ஆபீஸின் மூன்று மாடியிலும்
திரையும் கீபோர்டும் மட்டும்தான்.
கணினிகள் எல்லாம் கீழே, ஏசி அறையில்,
இரண்டு இரும்புப் பெட்டிகளுக்குள் குடியிருக்கின்றன.

பெட்டிக்கு முன்னூற்று எண்பத்து நான்கு ஜிபி.
ஒன்று படுத்துவிட்டால் மற்றது தொண்ணூறையும் சுமக்க வேண்டும்.
ஆக, இருப்பது இரண்டல்ல, ஒன்று.
இதை மேனேஜர் சடகோபனுக்குப் புரியவைக்கவே
ஒரு வெள்ளிக்கிழமை போயிற்று.

"தலைக்கு எட்டு குடுத்துடுங்களேன், பெலிசிட்டா."
எழுநூற்று இருபது ஆகும், சார்.
"அப்போ நாலு?"
நாலில் விண்டோஸ் எழுந்து பல் விளக்கும்.
அதற்குமேல் அதனிடம் வேலை சொல்லக் கூடாது.

ஆறு, என்றேன்.
ஐந்நூற்று நாற்பது. கையில் இல்லாததைக் கொடுப்பது.
எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கமாட்டார்கள்
என்று நம்பிப் போடும் கணக்கு.
கேட்டவர்களுக்கு ஷேர் ஆட்டோவைச் சொன்னேன்:
மகாராணியில் ரெண்டு பேர் இறங்குவார்கள் என்று
டோல்கேட்டிலேயே ரெண்டு பேரைக் கூடுதலாய் ஏற்றுவது.
சிரித்தார்கள்.

நான் கற்றது ஆட்டோவில் அல்ல.
வாரியக் குடியிருப்பு, மூன்றாம் மாடி,
ஒதுக்கீட்டு ஆணையில் இருநூற்று முப்பது சதுர அடி.
ஆட்கள் ஆறு. கட்டில் ஒன்று.
ஆறே முக்காலுக்கு அண்ணன் எழுந்து ஹார்பருக்குப் போவான்,
ஏழுக்கு அப்பா மணலியில் நைட் ஷிஃப்ட் முடித்து வருவார்.
தலையணைச் சூடு ஆறியிருக்காது.
ரெண்டு பேருக்கும் கட்டில் இருக்கிறதா என்றால்
இருக்கிறது. சத்தியமாக.

பிளான்ட்டில் ஏதோ பழுதென்று ஒன்பது நாள் மூடினார்கள்.
இரவில் இருவரும் கட்டிலின் இரண்டு பக்கம் நின்றார்கள்,
நீ படு, நீங்க படுங்க என்று.
அப்பா வராந்தாவில், தண்ணீர் டிரம்களுக்கு நடுவில்
பாய் விரித்தார். தாண்டிப் போகிறவர்கள் கால் பட்டு
விழித்தார், மறுபடி படுத்தார்.
தூக்கம் வந்தது. வராமல் இல்லை.
நினைவகத்தில் இடமின்றி வட்டுக்குத் தள்ளிய பக்கம்
திரும்பி வருவதுபோல, அவ்வளவு நேரம் கழித்து.

பதினைந்து நாள் அளந்தேன்.
சராசரி இரண்டு புள்ளி ஏழு.
அந்த இரண்டு புள்ளி ஏழு ஜிபி ஆளை
எந்த மாடியிலும் நான் பார்த்ததில்லை.
ரஹ்மத்நிஷா நாற்பது டேப் திறந்துவைத்து
ஒன்பதுக்கு ஏங்குகிறாள்.
எபினேசர் ஒரே ஒரு பில் ஆஃப் என்ட்ரி, பாதி நிரப்பியது,
தோளில் போனை இடுக்கிக்கொண்டு அரை மணியாக
லைன்காரனிடம் இறால் கன்டெய்னருக்காக மன்றாடுகிறார்.
விரல் அசையவில்லை. எனவே ஆள் சும்மா இருக்கிறார்,
என்று முடிவுசெய்கிறது இயந்திரம்.
அவர் மேசைக்குள் ஒரு பலூனை ஊதி
அவர் இடத்தை எடுத்து ரஹ்மத்நிஷாவுக்குத் தருகிறது.
மாதக் கடைசி, கட்-ஆஃபுக்கு இருபது நிமிடம்.
"இன்னா மேடம், சுத்திக்கினே கீது?"

பன்னிரண்டு மெமரி ஸ்டிக் கேட்டு எழுதினேன்.
நான்கு வந்தன.
ராத்திரி பதினொன்றுக்கு ஆட்களை வெளியேற்றி,
பெட்டிக்கு இரண்டாய்ச் செருகினேன்.
கிளிப் விழும் சத்தம், நான்கு முறை.
பிறகு பட்டியல்: ஏழு பேருக்கு முழு ஒதுக்கீடு,
எந்த பலூனும் தொடமுடியாதது.
முதல் பெயர் எபினேசர்.

காலையில் சடகோபன் பட்டியலை மேலிருந்து கீழாக,
கீழிருந்து மேலாகப் பார்த்தார்.
"எனக்கு?"
உங்களுக்குச் சராசரி, சார்.

அன்றைக்கு அண்ணனுக்கு டபுள் ஷிஃப்ட்.
நான் வீடு சேர்ந்தபோது ஆறு நாற்பது, கட்டில் காலி.
அந்தக் கணக்கில் நான் எப்போதுமே இருந்ததில்லை.
செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்தேன்.
மாடிப்படியில் அப்பாவின் இருமல்
முதல் மாடி ஏறிக்கொண்டிருந்தது.